காணொளிக்குப் பூட்டு: டி.ஆர்.எம். வாங்குவதா, வாட்டர்மார்க் போதுமா?

கட்டணம் வாங்கிக்கொண்டு காணொளிப் பாடம் நடத்த விரும்புகிறவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெருகிவிட்டார்கள். செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்பிப்பவர், போட்டித் தேர்வு மையம் நடத்துபவர், அடிமுறையும் வர்மமும் சொல்லிக்கொடுக்கும் ஆசான் என்று, அதற்கான தளத்தை அமைத்துக்கொடுக்கும் நம்மிடம் யார் வந்தாலும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: "ஒருத்தரும் காப்பி எடுக்கப்பிடாது." அப்படி ஓர் ஏற்பாட்டை யாராலும் விற்க முடியாது என்பதைப் பணம் பேசும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளரின் கையில் இருக்கும் கைப்பேசியை வாங்கி, மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும் பாடத்தைப் பதிவு செய்து காட்டினால், அரை மணி நேர விளக்கம் மிச்சமாகும். அதன் பிறகு, எந்த வகைத் திருட்டைத் தடுக்க எவ்வளவு செலவிடுவது என்ற பேச்சுக்கு வரலாம்.

யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்புவது செலவில்லாத வழி. இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம், வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்பதால், இதைப் பாதுகாப்பு என்று அழைப்பதே தவறு.

இதற்கு அடுத்த படி, உள்நுழைந்தவருக்கு மட்டும் சிறிது நேரத்தில் காலாவதியாகும் இணைப்பைக் கொடுத்து, காணொளியைத் துண்டு துண்டாக ஏ.இ.எஸ். என்ற முறையில் மறையாக்கி, அதாவது சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி மாற்றி, அனுப்புவது. இணைப்பைப் பகிர்வது இதில் நின்றுவிடும். ஆனால் மறைவிலக்கும் சாவி பார்ப்பவரின் பிரவுசருக்கே போய்ச் சேர்வதால், கொஞ்சம் விவரம் தெரிந்த மாணவர் அந்தச் சாவியையும் துண்டுகளையும் எடுத்து ஒரே கோப்பாக்கிவிடுவார். பெரும்பாலான மாணவர்கள் அவ்வளவு மெனக்கெடுவதில்லை என்பது வேறு விஷயம்.

டி.ஆர்.எம். (டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட்) என்னும் உரிமைப் பூட்டு அந்தச் சாவியையும் ஒளித்துவைக்கிறது. ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் வைட்வைன், ஆப்பிள் சாதனங்களுக்கு ஃபேர்பிளே, விண்டோஸ் பக்கம் பிளேரெடி என்று மூன்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாதாமாதம் சேவை நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஐபோனில் திரைப்பதிவு செய்தால் கறுப்பாக வருவதைக் காட்டி விற்பனைப் பிரதிநிதிகள் வாடிக்கையாளரைக் கவர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது வைட்வைனின் நிலைகளைப் பற்றி. எல்1 நிலையில் மறைவிலக்கம் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கிறது. எல்3 நிலையில் எல்லாம் மென்பொருளிலேயே நடப்பதால், பல கணினிகளில் சாதாரணத் திரைப்பதிவுக் கருவியே போதும். எல்1 கட்டாயம் என்று வைத்தால், விலை குறைந்த கைப்பேசியும் வீட்டுக் கணினியும் வைத்திருக்கும் மாணவர்கள், பணம் கட்டியும் பாடம் திறக்கவில்லை என்று நம்மை அழைப்பார்கள். பெரிய நிறுவனங்களின் பூட்டுகளும் நிலைத்ததில்லை: டிவிடியின் 40 பிட் மறையாக்கத்தை 1999-இலேயே உடைத்துவிட்டார்கள்; எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே டிவிக்குப் போகும் படத்தைக் காக்கும் எச்.டி.சி.பி.யின் மூலச்சாவி 2010-இல் வெளியே வந்துவிட்டது.

நகரும் வாட்டர்மார்க், அதாவது பார்ப்பவரின் கைப்பேசி எண்ணைப் படத்தின் மேல் எழுத்தாக ஓடவிடுவது, எதையும் தடுப்பதில்லை. வெளியே போன படம் யாருடைய கணக்கிலிருந்து போனது என்று காட்டிக்கொடுக்கிறது. டி.ஆர்.எம். கைவிடும் இடத்தில், அதாவது திரைக்கு முன் நிறுத்திய கைப்பேசியிலும், இது பதிவாகிவிடுகிறது. சிக்கல் அதன் இடம்தான். எண்ணை மூலையில் நிறுத்தினால் வெட்டி எறிந்துவிடுவார்கள். நடுவில் ஓடவிட்டால், ஆசான் பெருவிரலால் வர்மப் புள்ளியை அழுத்திக்காட்டும் கணத்தில் மாணவரின் கைப்பேசி எண் அந்த விரலின் மேலேயே வந்து நிற்கும். எழுத்தை மங்கலாக்கி, சில விநாடிகளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, கை தெரியும் நெருக்கக் காட்சிகளில் மட்டும் ஓரத்துக்குத் தள்ளுவது நான் ஏற்றுக்கொண்ட சமரசம். துபாயில் இருக்கும் அண்ணனுக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பவரை வாட்டர்மார்க் மிரட்டாது. அதற்கு ஒரு கணக்குக்கு இரண்டு சாதனம் என்ற வரம்பு வேண்டும்.

சட்டத்தையும் கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. புகாரில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்றால், அதற்கான தடயத்தை வாட்டர்மார்க்தான் தருகிறது.

ஆகவே, இருநூறு முந்நூறு பேர் படிக்கும் மையத்துக்குக் காலாவதியாகும் இணைப்பு, சாதன வரம்பு, நகரும் வாட்டர்மார்க் மூன்றும் போதும் என்பதே என் பரிந்துரை. பல ஊர்களில் கிளை வைத்து, பாடத்தை மொத்தமாகத் திருடி விற்கும் போட்டியாளருக்கு அஞ்சுகிறவர் டி.ஆர்.எம்.மையும் சேர்த்துக்கொள்ளட்டும். கல்யாண வீடியோவுக்குப் பூட்டுக் கேட்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு எதுவுமே வேண்டாம். பெண் வீட்டார் டிவியில் பென் டிரைவ் ஓடாவிட்டால் மீதிப் பணம் வராது. எதை எடுத்தாலும், எந்தச் சாதனத்தில் திரைப்பதிவு தடைபடும், எதில் தடைபடாது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.