நெகட்டிவ் அடாப்டர்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

1986இல் அப்பா பக்ரைனில் இருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பென்டாக்ஸ் கே1000 கேமரா கொண்டுவந்தார். அது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. முழுக்க மெக்கானிக்கல் கேமரா, ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம். பேட்டரி வேண்டியது உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு மட்டும்தான். அந்த ஒளிமானி செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் வைத்து அளந்துகொள்கிறேன். முட்டம் கடற்கரையில் நல்ல வெயிலில், வேகம் 400 உள்ள பிலிமுக்கு, ஆப் காட்டுவது ஷட்டர் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப் 16. அப்பா எதையும் பார்க்காமலே அதைத்தான் சொல்வார்.

படம் எடுப்பதில் சிக்கல் இல்லை. எடுத்த பிறகு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். நாகர்கோவிலில் ரோல் கழுவித் தர எனக்குத் தெரிந்த கடை எதுவும் இப்போது இல்லை. கலர் ரோலை கூரியரில் சென்னைக்கு அனுப்புகிறேன். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவிக்கொள்கிறேன். ஸ்கேன் செய்வதற்காகத்தான் இந்த அடாப்டரை வாங்கினேன்.

பொருள் எளிமையானது. மிகக் கிட்டே இருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸின் முன்னால் ஒரு குழாய், அதன் முனையில் நெகட்டிவைச் செருகும் பிடிப்பான், அதற்குப் பின்னால் யூஎஸ்பியில் எரியும் சின்ன எல்இடி விளக்கு. டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படம் பிடிக்கிறோம், அவ்வளவுதான். லென்ஸுக்கு ஏற்ற வளையங்கள், ஸ்லைடு வைக்க ஒரு பிடிப்பான், ஆறு பிரேம் நீளமுள்ள துண்டுக்கு ஒரு பிடிப்பான் எல்லாம் பெட்டியிலேயே வந்தன. நான் வாங்கியபோது 6,800 ரூபாய். இதே அமைப்பு இணையக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கிறது.

ஆனால் விலையை 6,800 என்று மட்டும் நினைத்து வாங்கிவிடாதீர்கள். மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இது வெறும் குழாய். 35 எம்எம் நெகட்டிவ் 36க்கு 24 மில்லிமீட்டர்தான். கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸ் அந்த அளவுக்குக் கிட்டே போய்ப் போகஸ் செய்யாது. என்னிடம் நிக்கான் டி5600 டிஜிட்டல் கேமரா இருந்தது. 40 எம்எம் மேக்ரோ ஒன்றைப் பழையதாக 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். கல்யாண போட்டோ எடுக்கும் சித்தப்பா மகன்தான் பார்த்து வாங்கித் தந்தான். ஆக எனக்கு ஆன செலவு 17,800.

முதலில் ஸ்கேன் செய்தது அப்பாவின் நெகட்டிவ்களை. நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். கடலுக்குப் பக்கத்தில் வீடு. போதாததற்கு எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. பல துண்டுகளில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்தால் படமே உரிந்து வந்துவிடும் என்பதால் மென்மையான பிரஷால் மேலோட்டமாகத் தட்டிவிட்டு அப்படியே எடுத்தேன். பூஞ்சையின் தடத்தைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம். ஜெலட்டின் போனால் போனதுதான்.

நான்காவது துண்டில் தேர் தெரிந்தது. நெகட்டிவில் தேர் கருப்பாக, வானம் அதைவிடக் கருப்பாக இருந்தது. நிறத்தைத் திருப்பியதும் கோட்டாறு சவேரியார் திருவிழா, தேர்ப்பவனி, கூட்டம். ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. நான் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் நின்ற அப்பா, "மக்களே, இது உங்க அம்மையில்லா!" என்றார். குழந்தை என் அண்ணன். 1987 டிசம்பர், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அம்மா அடுக்களையில் இருந்து வந்து திரையைப் பார்த்தார். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். சேலைக் கரையில் இருந்த சின்னச் சின்ன மாங்காய்கூடத் தெரிந்தது. "இந்தச் சேலையைத் தம்பி பேறுகாலத்துக்கு வந்த சித்திக்குக் கொடுத்தேன்" என்றார். அந்தப் படத்துக்கு அன்றைக்குப் போட்ட பிரிண்ட் போஸ்ட் கார்டு அளவு, அதுவும் மங்கிப்போய்விட்டது. இப்போது 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். என் டிஜிட்டல் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். அந்த அளவுக்குத் தாராளமாகத் தாங்குகிறது.

இந்த அடாப்டரில் எனக்கு மிகவும் பிடித்தது, கேமரா, நெகட்டிவ், விளக்கு மூன்றும் ஒரே உடம்பாக இருப்பது. ஸ்டாண்டு வைத்து மேலிருந்து எடுக்கும் முறையில் கேமராவும் நெகட்டிவும் இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். மேஜை ஆடினால் படம் கலங்கும். இதில் மேஜை ஆடினாலும் எல்லாம் சேர்ந்தே ஆடும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு (கேமரா எதையும் மாற்றாமல் தரும் மூலக் கோப்பு), இரண்டு நொடி டைமர். 36 படம் உள்ள ஒரு ரோலைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். கரண்டு போனாலும் விளக்கு பவர் பேங்கில் எரிகிறது.

கருப்பு வெள்ளைக்கு இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், வாங்குங்கள் என்று. இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை டி-76 என்ற கழுவும் மருந்தில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவ, 20 டிகிரியில் 11 நிமிடம். எங்கள் குழாயில் 20 டிகிரி தண்ணீர் எங்கே வருகிறது? 28க்குக் குறையாது. தோவாளை பூச்சந்தையில் விடியற்காலை எடுத்த ரோலை ஐஸ் வைத்துக் குளிர்விக்காமல் அவசரத்தில் கழுவிவிட்டேன். சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்யும். நெகட்டிவ் கட்டிக் கருப்பாக வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்கூட ஒன்றும் தெரியவில்லை. அந்த ரோலையும் அடாப்டரில் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக 1/15 நொடி வைக்கும் இடத்தில் அரை நொடி வைத்தேன். மல்லிகைக் குவியல், தராசு, பிச்சிப்பூவை அள்ளும் கை எல்லாம் வந்தன. கிரெயின், அதாவது மணல் போன்ற புள்ளிகள், கொஞ்சம் கூடுதல், ஆனால் படம் இருக்கிறது. வீட்டில் கழுவிப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இப்போதெல்லாம் மருந்து பாட்டிலை ஐஸ் தண்ணீர் பக்கெட்டில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20 காட்டிய பிறகுதான் டேங்கில் ஊற்றுகிறேன்.

கலரில் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. கலர் நெகட்டிவ் முழுக்க ஓர் ஆரஞ்சு நிறம் பூசியிருக்கும். பிலிமில் உள்ள சாயங்களின் குறையை ஈடுகட்ட அதைத் தயாரிப்பிலேயே வைக்கிறார்கள். சும்மா நிறத்தைத் திருப்பினால் எல்லாம் நீலமாகிவிடும். நான் பயன்படுத்துவது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள். 2020இல் வந்த அதன் 3.2 பதிப்பிலிருந்து நெகடாக்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கோடாக் சினிமா பிலிமுக்காக உருவாக்கிய சினியான் முறையை வைத்து அதை எழுதியிருக்கிறார்கள். படம் விழாத வெற்றுப் பிலிமின் நிறத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், ஆரஞ்சைக் கழித்துவிடும். அப்புறம் பேப்பர் பிளாக், பேப்பர் கிரேடு என்று டார்க் ரூம் ஆட்களின் சொற்களிலேயே அளவுகோல்கள். அப்பாவுக்கு மென்பொருள் தெரியாது. ஆனால் பேப்பர் கிரேடைக் கூட்டி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் அதிகமானதும் "ஹார்டு பேப்பர்ல போட்ட மாதிரி ஆயிட்டு" என்றார்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கோடாக் கோல்டு 200இல் எடுத்திருந்தேன். 1966இல் கட்டிய பாலம், 28 தூண்கள், உயரம் 115 அடி. கீழே பறளியாற்றங்கரையில் நின்று அண்ணாந்து எடுத்த படம் அது. ரோலைக் கழுவிய இடத்திலேயே ஸ்கேனும் செய்து அனுப்பினார்கள். அதில் வானம் வெறும் வெள்ளை. அதே நெகட்டிவை நான் எடுத்தபோது வானத்தில் மேகம் இருந்தது, தூண்களில் பாசியின் பச்சையும் ஈரக் கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. பிலிம் பிடித்து வைத்திருந்ததைத் தானியங்கி ஸ்கேன் விட்டுவிட்டது. அன்றிலிருந்து அவர்களிடம் கழுவ மட்டும் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. பிடிப்பானின் ஜன்னல் மிகச் சரியாக பிரேம் அளவுக்கே இருக்கிறது. நெகடாக்டருக்குத் தேவையான வெற்றுப் பிலிம் ஓரம் படத்தில் விழாது. இதற்காக ரோலின் கடைசியில் படம் விழாமல் மிஞ்சும் துண்டை வெட்டி எறியாமல் வைத்து, முதலில் அதை ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன். அந்த நிறத்தையே ரோல் முழுக்கப் பயன்படுத்தலாம், எக்ஸ்போஷரை மட்டும் மாற்றக் கூடாது. வளைந்த பழைய பிலிம் பிடிப்பானுக்குள் சிக்குகிறது. தள்ளினால் கீறல் விழும், திறந்து மூடித்தான் நகர்த்த வேண்டும். விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் சில படங்களில் குறுக்குக் கோடுகள் வந்தன. முழு வெளிச்சத்தில் வரவில்லை. அதனால் குறைக்கும் பட்டனை நான் தொடுவதே இல்லை.

தூசி எடுக்க இதில் எந்த வசதியும் கிடையாது. நல்ல ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. வெள்ளியால் உருவான கருப்பு வெள்ளைப் படத்தில் அது வேலை செய்யாது. கலருக்கு அது பெரிய உதவி, அது இல்லாத குறை தெரிகிறது. நான் மின்விசிறியை அணைத்துவிட்டு, தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு உட்காருகிறேன். ஒரு ஊதுபந்தும் பருத்திக் கையுறையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்து, வீட்டில் ஒரு டப்பா நெகட்டிவும் இருந்தால் தயங்கவே வேண்டாம். வருடத்துக்கு இரண்டு கலர் ரோல் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், கழுவும் இடத்திலேயே ஸ்கேனுக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய கோப்பாகக் கேட்டு வாங்குங்கள், அதுவே லாபம்.

பிஸ்கட் டப்பாவில் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். அடியில் நான்கு சதுர நெகட்டிவ்கள் கிடக்கின்றன. பெரியப்பாவின் அக்ஃபா கிளிக் 3 கேமராவில், ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து ரோலில் எடுத்தது என்கிறார் அப்பா. 120 பிலிம். ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் சதுரம், இந்தப் பிடிப்பானுக்குள் போகாது. ஒன்றில் ஒரு கட்டுமரமும் நாலைந்து ஆட்களும் தெரிகிறார்கள். முகம் யார் யாரென்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. அதற்காக ஒரு லைட் பேடும் ஸ்டாண்டும் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.