தூரத்துப் பெரிய வீடா, அருகிலுள்ள சிறிய வீடா: ஒரு மாலை நேரக் கணக்கு

நான்கு ஆண்டுகள் வெளிவட்டப் புறநகர் ஒன்றில், மூன்று படுக்கையறையும் பின்புறம் சிறிய தோட்டமும் கொண்ட வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு, சென்ற ஆண்டு நகரத்துக்குள் இரண்டு படுக்கையறை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினோம். நானும் மனைவியும், எட்டு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் தாயார் என ஐந்து பேர். வீட்டின் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வாடகை ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக, இரண்டு வீட்டிலும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிறு பிள்ளைகள் இருந்து, பெற்றோரில் ஒருவராவது வாரத்தில் ஐந்து நாளும் நகரத்துக்கு வேலைக்குப் போகிற குடும்பமாக இருந்தால், அருகிலுள்ள சிறிய வீட்டையே எடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் என்பதைத்தான் இனி விளக்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். இடவசதி, காற்று, அமைதி, பிள்ளைகள் ஓடியாட மண் தரை ஆகியவை புறநகரின் பக்கம். மருத்துவமனை, பள்ளிகளில் தேர்வு, வேலை மாறினாலும் வீடு மாற வேண்டாத வசதி ஆகியவை நகரத்தின் பக்கம். இவற்றைப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டால் இரண்டும் ஏறத்தாழ சமமாகவே வரும். நாங்களும் அப்படிப் போட்டுப் பார்த்துத்தான் முதலில் புறநகருக்குப் போனோம்.

பணக் கணக்கில் ஒரு திருத்தம் தேவை. வீட்டு வாடகையையோ கடன் தவணையையோ மட்டும் தனியே வைத்து ஒப்பிடக் கூடாது. போக்குவரத்துச் செலவையும் அதனுடன் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் தாங்கும் என்பது பழைய அளவுகோல். சிகாகோவைச் சேர்ந்த அண்டைப்பகுதித் தொழில்நுட்ப மையம், வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை முன்வைத்தது. இந்த இரண்டாவது அளவுகோலால் அளந்தால், மலிவு என்று தோன்றிய வெளிவட்டப் பகுதிகள் பல மலிவாக இருப்பதில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது இரண்டாவது வாகனம். நான் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டால், பள்ளிக்கும் மருந்துக் கடைக்கும் என் மனைவிக்கு இன்னொரு வண்டி வேண்டியிருந்தது. அதன் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுது எல்லாம் சேர்ந்து, வாடகையில் மிச்சமான தொகையில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிட்டன.

மீதிப் பாதி உண்மையான மிச்சம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதையும் நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். புறநகரிலிருந்து எனக்கு ஒரு வழிக்கு 75 நிமிடம். இப்போதைய வீட்டிலிருந்து 25 நிமிடம். நாளொன்றுக்கு 100 நிமிட வேறுபாடு. மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 33 மணி நேரத்துக்கும் மேல். ஆண்டுக்கு 230 வேலை நாள் என்றால் 383 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 48 நாட்கள். போக்குவரத்துச் செலவு போக மாதந்தோறும் மிஞ்சும் தொகையை அந்த 33 மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பயணம் செய்வதற்கு நமக்குக் கிடைக்கும் மணிக்கூலி. எங்கள் கணக்கில் அது என் வேலையின் மணி ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இருந்தது. இந்த விகிதம் ஒவ்வொருவருக்கும் மாறும். ஊதியம் குறைவாக இருந்து வாடகை வேறுபாடு மிகப் பெரியதாக இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு புறநகரையே காட்டக்கூடும்; அவர்களைப் பொறுத்தவரை மேலே சொன்ன என் கருத்தை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இத்தனைக்கும், எங்களை வீடு மாற வைத்தது இந்தப் பணக் கணக்கு அன்று. மாலை நேரக் கணக்கு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணத்தில் போகும் நேரத்தை ஒரு நாளின் 24 மணி நேரத்திலிருந்து கழித்துப் பார்ப்பதே பெரும்பாலோரின் வழக்கம். மாலையில் 50 நிமிடம் அதிகமானால் நாளில் மூன்றரை விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 50 நிமிடம் தூக்கத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ குறைவதில்லை; பிள்ளைகள் விழித்திருக்கும் மாலைப் பொழுதிலிருந்துதான் குறைகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஏழு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்காவது படுத்தாக வேண்டும். அலுவலகம் ஆறு மணிக்கு முடிகிறது. அருகிலுள்ள வீட்டுக்கு 6.25-க்கு வந்துவிட்டால் பிள்ளைகளுடன் 125 நிமிடம் கிடைக்கிறது. தூரத்து வீட்டுக்கு 7.15-க்கு வந்தால் 75 நிமிடம். இப்படிக் குறைந்துபோவது மூன்றரை விழுக்காடு அல்ல, 40 விழுக்காடு. மிஞ்சும் 75 நிமிடத்திலும் குளியல், இரவு உணவு, வீட்டுப்பாடம், மறுநாள் பையை அடுக்குவது எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பதால், அப்பாவாக நான் வீட்டில் செய்தது பெரும்பாலும் அவசரப்படுத்துவது மட்டுமே.

75 நிமிடம் என்பது நல்ல நாளின் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ரயில் 45 நிமிடம். மற்றவை ரயில் நிலையம் வரை நடப்பது, காத்திருப்பது, இறங்கியபின் இணைப்புப் பேருந்து. வண்டியை வீட்டிலேயே விட்டுச் சென்ற நாட்களில் அரை மணிக்கு ஒரு முறை வரும் அந்தப் பேருந்தைத்தான் நம்பியிருந்தேன். ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போய்விடும். அந்த மூன்று நிமிடம் முப்பது நிமிடமாகிவிடும். பயணச் சங்கிலியில் கண்ணிகள் கூடக்கூட, ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படும் சிறு தாமதம் அடுத்த கண்ணியில் பெருகுகிறது. நீண்ட பயணம் சராசரியில் மட்டும் நீளமானது அன்று, ஏற்ற இறக்கத்திலும் பெரியது என்பதற்கு இதுவே காரணம். மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் வீடு சேர எட்டரைக்கு மேல் ஆகிவிடும். காலையிலோ எட்டரை மணிக்குத் தவறாமல் இருக்கையில் இருந்தாக வேண்டும் என்பதால், எந்த நாள் கெட்ட நாளாக அமையும் என்று தெரியாமல், எல்லா நாளும் அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். 7.15-க்குக் கிளம்பலாம் என்று காகிதத்தில் இருந்தது, 6.45 ஆனது. பிள்ளைகள் அப்போது எழுந்திருப்பதில்லை.

மூத்தவளுக்கு முதல் பல் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. செய்தியைத் தொலைபேசியில் கேட்டேன். அன்று இரவு நான் வந்தபோது, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதன் மேல் பல்லைக் கிடத்தி, என் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவள் தூங்கியபின் வந்து, எழுவதற்கு முன் போனேன். பல் விழுந்த இடைவெளியுடன் அவள் சிரிப்பதைச் சனிக்கிழமை காலையில்தான் பார்த்தேன். வீடு மாறுவதைப் பற்றி நானும் மனைவியும் முதன்முதலாக உட்கார்ந்து பேசியது அந்தச் சனிக்கிழமைதான்.

இன்னொரு மாலை, சமிக்ஞைக் கோளாறு காரணமாக ரயில் தடம் முழுவதும் நின்றுபோனது. மாற்றுப் பேருந்து வரும் என்று நிலையத்தில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். வீடு சேர 10.40 ஆயிற்று. சின்னவனுக்கு அன்று காய்ச்சல். அவனைத் தோளில் போட்டுக்கொண்டே மூத்தவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த என் மனைவி, நான் கதவைத் திறந்தபோது நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். நீண்ட பயணத்தின் சுமையைப் பயணம் செய்பவர் மட்டும் சுமப்பதில்லை. வீட்டில் இருப்பவர் எந்த நேரத்திலும் தனியாகவே எல்லாவற்றையும் சமாளிக்கத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. அவர் தமக்கென்று ஒரு வேலையையோ படிப்பையோ மாலையில் திட்டமிட முடியாமல் போகிறது. எங்கள் முதல் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பதை நினைக்க இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போதைய வீடு அலுவலகத்திலிருந்து 5 கிலோமீட்டர். எல்லாப் போக்குவரத்தும் நின்றுபோனாலும் ஒரு மணி நேரத்தில் நடந்தே வந்துவிடலாம். மோசமான நாளுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பதுதான் அருகாமையின் பெரும்பேறு. தூரத்து வீட்டில் அந்த உச்சவரம்பு கிடையாது.

இந்தச் சிக்கலைப் பொருளியலாளர்கள் வேறொரு வழியில் கண்டிருக்கிறார்கள். நகர மையத்திலிருந்து தள்ளிப் போகப்போக வாடகை குறைவது பயணச் செலவை ஈடுகட்டும் என்பது 1964-இல் வில்லியம் அலோன்சோ விளக்கிய நிலமதிப்புக் கோட்பாடு. அது முழுமையாகச் சரியென்றால், நீண்ட தூரம் பயணிப்பவரும் குறுகிய தூரம் பயணிப்பவரும் சமமான நிறைவுடன் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரூனோ பிரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும், ஜெர்மனியில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடம் நடத்தப்படும் கணக்கெடுப்பை வைத்து இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். பயண நேரம் கூடியவர்கள் தங்கள் வாழ்க்கை நிறைவைக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். வீடோ ஊதியமோ அதை முழுமையாக ஈடுகட்டவில்லை. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்விலும், அன்றாடச் செயல்களில் மகிழ்ச்சி மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக வேலைக்குப் போகும் பயணமே இருந்தது. என் அனுபவத்துடன் இவை பொருந்துகின்றன. பெரிய கூடத்துக்கு மூன்றே மாதத்தில் பழகிவிட்டோம். அதன் பிறகு அதைக் கவனிக்கவே இல்லை. இன்று எத்தனை மணிக்கு வீடு சேர்வோம் என்ற கவலைக்கோ நான்கு ஆண்டுகளிலும் பழகவில்லை.

புதிய ரயில் பாதையோ அகலச் சாலையோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று புறநகர் வீட்டை விற்பவர்கள் சொல்வதுண்டு. ரயில் பாதை வந்தால் பயன் உண்டுதான். சாலையைப் பற்றி நான் அவ்வளவு நம்பிக்கை வைக்கமாட்டேன். நெரிசல் நேரத்தில் விரைவுச் சாலையின் போக்குவரத்து அதன் கொள்ளளவை எட்டும்வரை பெருகும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே எழுதினார். மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் சஹாவியின் ஆய்வுகளை ஒட்டி இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்செட்டி 1994-இல் எழுதியதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்: வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் இன்னும் விரிகிறது. இன்று திறக்கும் சாலை, நம்மைவிடத் தூரத்தில் குடியேறுபவர்களையும் நம் வழியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

நாங்கள் இழந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தாயாருக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை இருந்தது. அவர் நட்ட செடிகள் இருந்தன. மாலையில் வேலிக்கு இருபுறமும் நின்று பேசத் துணை இருந்தது. இப்போது பேரப்பிள்ளைகளுடன் ஒரே அறையில் இருக்கிறார். எங்கள் முடிவுக்கு அதிக விலை கொடுத்தவர் அவர்தான். பெரியவர்களின் நலமே முதன்மை என்று கருதும் குடும்பம் வேறு முடிவுக்கு வந்தால் அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியே அரை மணி நேரம் உட்கார ஓர் அறை இல்லாததும் குறைதான்.

எந்தக் குடும்பங்களுக்குப் புறநகர் பொருந்தும் என்பதும் எனக்கு ஓரளவு தெளிவாகியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்கு மேலே சொன்ன 383 மணி நேரம் 150-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும், கணக்கே மாறிவிடும். வேலையும் பள்ளியும் புறநகரிலேயே அமைந்தவர்களுக்கும், நெரிசல் இல்லாத நேரத்தில் முறைமாற்றுப் பணி செய்பவர்களுக்கும் அப்படியே. வண்டி மாறாமல், உட்கார்ந்து செல்ல இடம் உறுதியாகக் கிடைக்கும் ஒரே ரயிலில் போகிறவர்கள் அந்த நேரத்தைப் படிக்கப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாய்ப்பு அமையாததால் அதன் அருமையை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில், எட்டரை மணி என்ற எல்லையே இருக்காது. பெற்றோரின் மாலையைவிடத் தனி அறையே அவர்களுக்குப் பெரிதாகப் படலாம். நாங்கள் இரண்டிடத்திலும் வாடகைக்கே இருந்ததால், வாங்கி விற்பதில் உள்ள லாப நட்டத்தைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

முடிவெடுக்கும் முன், அந்த வீட்டிலிருந்து உண்மையாகவே வேலைக்குப் போய் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வண்டியில் போய்ப் பார்த்து, 40 நிமிடம்தான் என்று நம்பிவிட்டோம். வேலை நாளில், அலுவலகம் முடியும் அதே நேரத்தில் கிளம்பி, இரண்டு வாரமாவது போய் வாருங்கள். அந்த வீட்டு வாசலைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் குறிப்பில் சராசரியைப் பார்க்க வேண்டாம். மிகத் தாமதமான நாளிலிருந்து எண்ணி மூன்றாவது நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை விழித்திருக்குமா என்று பாருங்கள்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. சின்னவன் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பான்; மனைவி வேலைக்குத் திரும்பும் எண்ணத்தில் இருக்கிறார், அவருடைய அலுவலகம் எந்தத் திசையில் அமையும் என்பது இன்னும் முடிவாகவில்லை. தாயாருக்காகக் கீழ்த்தள வீடாகவும், இருவர் அலுவலகத்துக்கும் அரை மணி தூரத்துக்குள்ளும் கிடைக்குமானால், இதைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தாலும் எடுத்துக்கொள்வோம்.