லைடார் துல்லியச் சோதனை: நிஜ சென்சாரா, சிமுலேஷனா?

லைடார் என்பது லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் சென்சார். ஓசூர் சிப்காட்டில் லைடார் பொருத்திய வண்டியைச் சோதிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. நிஜ சென்சாரை வைத்து அளக்கலாம். கார்லா போன்ற வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் கிடைக்கும் எளிய ரே காஸ்டிங் லைடாரை ஓட்டலாம்; அது ஒரு நேர்கோட்டை விட்டு, எதில் முட்டுகிறது என்று மட்டும் பார்க்கும். அல்லது லேசர் துடிப்பு கிளம்புவது முதல் டிடெக்டர் அதைப் பிடிப்பது வரை கணக்குப் போடும் முழு மாடலைப் பயன்படுத்தலாம். திரையில் மூன்றும், லேசர் பட்ட இடங்களைக் காட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புள்ளிக்கூட்டம்தான். ஆனால் தூரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்ற கேள்விக்கு ரே காஸ்டிங்கை நம்பவே கூடாது.

காரணம் எளிது. அதில் பிழையளவை நாம்தான் உள்ளே போடுகிறோம். 2 செ.மீ. என்று போட்டால் 2 செ.மீ. என்றே திரும்பி வரும். அது சோதனையே அல்ல. கார்லாவின் சாதாரண லைடார், தூரம் கூடக் கூட ஒளி மங்குவதை மட்டும் கணக்கில் எடுக்கும். எதிரே இருப்பது கறுப்பு டயரா, வெள்ளைப் பலகையா என்று அதற்குத் தெரியாது.

நிஜ சென்சாருக்கு அது நன்றாகவே தெரியும். ஒரே பலகையில் பாதி மேட் கறுப்பு, பாதி மேட் வெள்ளை அடித்து 20 மீட்டரில் நிறுத்துங்கள். ஒளி போய்வர 1 நானோ செகண்ட் என்றால் 15 செ.மீ. தூரம். வெள்ளையிலிருந்து வரும் பலமான துடிப்பு, எதிரொளி வந்துவிட்டது என்று டிடெக்டர் கணக்கில் எடுக்கும் வரம்பைக் கொஞ்சம் முன்கூட்டியே தாண்டிவிடும். சென்சார் இதைச் சரியாக ஈடுகட்டவில்லை என்றால், தட்டையான பலகையில் வெள்ளைப் பாதி சில செ.மீ. முன்னால் துருத்தி நிற்கும். கறுப்புக்குத் துணியைக் கட்டிவிடாதீர்கள். சாயமிட்ட கறுப்புத் துணிகள் பல, லைடார்கள் பல பயன்படுத்தும் 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் வெளுப்பாகத்தான் இருக்கும். கார்பன் பிளாக் கலந்த பெயின்ட் போதும்.

அளக்கும் முறையில் கவனம் வேண்டும். சென்சாரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். 10 சதவீதம் பிரதிபலிக்கும் பலகையை 10, 20, 40, 60 மீட்டரில் வைத்து, ஒவ்வொன்றிலும் 100 ஃபிரேம் (ஒரு முழுச் சுற்றில் கிடைக்கும் புள்ளிகள் ஒரு ஃபிரேம்) பதியுங்கள். சென்சார் பிளஸ் மைனஸ் 3 செ.மீ. என்று சொன்னால், ஒப்பிடும் அளவு 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு நில அளவையாளர்கள் பயன்படுத்தும் டோட்டல் ஸ்டேஷன் கருவி தேவை. சராசரி விலகலையும் சிதறலையும் தனித்தனியாக எழுதுங்கள். எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு பிசகினால் முதலில் சென்சார் தூரத்தை எங்கிருந்து எண்ணுகிறது என்ற பூஜ்யப் புள்ளியைப் பாருங்கள்: அது கண்ணாடி முகப்பில் இருக்காது, எங்கே என்று மேனுவலில் போட்டிருக்கும்.

முழு மாடலின் தரம் பலகையின் ஓரத்தில்தான் தெரியும். கற்றை 0.1 டிகிரி விரிந்தால் 50 மீட்டரில் ஒளிப்பொட்டு 9 செ.மீ. ஆகிவிடும், பாதி பலகையிலும் மீதி பின்சுவரிலும் விழும். துடிப்பு 5 நானோ செகண்ட் என்றால் 75 செ.மீ.க்குக் குறைவான இடைவெளியில் இரண்டு எதிரொளியும் ஒன்றாகக் கலந்து, நடுவில் அந்தரத்தில் ஒரு புள்ளி வரும். சுவரை 40 செ.மீ. பின்னால் ஒரு தடவையும் 2 மீட்டர் பின்னால் ஒரு தடவையும் வைத்துப் பாருங்கள். ஒரு கற்றைக்கு ஒரே கதிர் விடும் மாடலில் இந்தப் புள்ளி வரவே வராது.

நிஜத்தையும் மாடலையும் ஒப்பிடும்போது தூரம், புள்ளி எண்ணிக்கை, ஒளிச்செறிவு மூன்றையும் பாருங்கள். எண்ணிக்கையில் அவசரப்பட வேண்டாம். 0.2 டிகிரி இடைவெளியில், 40 மீட்டரில் புள்ளிகள் 14 செ.மீ. தள்ளித் தள்ளி விழும். 1 மீட்டர் பலகையில் 7 வரிசைதான். கோணம் அரைப்படி நகர்ந்தாலே 8 ஆகும். சதவீதத்தில் அது பெரிய பிழையாகத் தெரியும், ஆனால் மாடல்மேல் குற்றமில்லை.

இப்படித் தேறிய மாடலை தொப்பூர் கணவாய்க்குக் கொண்டுபோகலாம். அந்த இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் நிஜ வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது ஆபத்து. ஒரே சூழல் இரண்டாம் முறை அமையவும் அமையாது. அங்கே சிமுலேஷன்தான் சரி. இரண்டை மட்டும் சரிபாருங்கள். வினாடிக்கு 10 சுற்று சுற்றும் 10 ஹெர்ட்ஸ் சென்சார் ஒரு சுற்று முடிப்பதற்குள் 60 கி.மீ. வேகத்தில் வண்டி 1.67 மீட்டர் நகர்ந்துவிடும். முழு ஃபிரேமையும் ஒரே கணத்தில் எடுக்கும் மாடலில் இந்தக் கோணல் இருக்காது. இன்னொன்று, கிருஷ்ணகிரியிலிருந்து பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஏற்றிவரும் லாரி. சாய்வாகப் படும் லேசரை அந்தக் கல் கண்ணாடிபோல வேறுபக்கம் திருப்பிவிடும். புள்ளி வராமல் போகலாம், அல்லது பக்கத்து வண்டியின் பிம்பம் கல்லுக்குள்ளே தெரியலாம்.

முழு மாடலுக்குத் துடிப்பின் வடிவமும் டிடெக்டர் வரம்பும் வேண்டும். தயாரிப்பாளர் தராவிட்டால் கறுப்பு வெள்ளைப் பலகையில் எடுத்த அளவுகளைக் கொண்டே பொருத்திக்கொள்ளலாம். ரே காஸ்டிங்கை சென்சாரை எந்த உயரத்தில் மாட்டுவது, பம்பருக்கு முன்னால் எவ்வளவு இடம் மறைகிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அதைவிட வேகமானது இல்லை.