மூன்று மொழி தட்டும் கணினிக்கு ஐ3 ஏற்றதா, எக்ஸ்எஃப்சிஇ ஏற்றதா?

லினக்ஸில், செயலிகளின் சாளரங்களைத் திரையில் அடுக்கும் சாளர மேலாளரை மட்டும் வைத்துக்கொள்வதா, அதனுடன் அமைப்புகள், அறிவிப்புகள் எல்லாம் சேர்ந்து வரும் முழு டெஸ்க்டாப் சூழலை நிறுவுவதா என்ற கேள்விக்குப் பலரும் நினைவகக் கணக்கை வைத்தே விடை சொல்கிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து டிடிபி கடைகளுக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது; இங்கே ஒரே கணினியில் மலையாள விண்ணப்பமும் தமிழ்த் திருமண அழைப்பிதழும் ஆங்கிலக் கடிதமும் மாறிமாறித் தட்ட வேண்டியிருக்கிறது.

2009இல் வெளிவந்த ஐ3 என்ற சாளர மேலாளர், சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காதபடி திரையைப் பங்கிட்டு அடுக்குகிறது. இடப்புறம் மலையாள மூலத்தை வைத்துக்கொண்டு வலப்புறம் தமிழாக்கம் தட்டுபவருக்கு, மவுஸைத் தொடாமலே நடக்கும் இந்த ஏற்பாடு பெரிய நிம்மதி. ஆனால் சாளரங்களுக்கு அப்பால் அது பொறுப்பேற்பதில்லை. தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்துவோர், அதைத் தொடங்கும் வரியை அமைப்புக் கோப்பில் தாமே எழுதி, ஜிடிகே, க்யூடி என்ற நிரல் தொகுப்புகளைக் கொண்டு எழுதப்பட்ட செயலிகளுக்கு எந்த உள்ளீட்டு நிரலைப் பயன்படுத்துவது என்று சொல்லும் சூழல் மாறிகளையும் தர வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டால் ஒரு செயலியில் தமிழ் வரும், அடுத்ததில் ஆங்கில எழுத்தே விழும். வைஃபை சின்னம், பென் டிரைவ் தானாகத் திறப்பது, அறிவிப்புகள் ஆகியவற்றுக்கும் தனித்தனி நிரல்கள் வேண்டும். டிடபிள்யூஎம் என்ற மற்றொரு சாளர மேலாளர் இன்னும் கறாரானது; அதில் அமைப்பை மாற்றுவதற்கே மூலநிரலைத் திருத்தி, மீண்டும் இயங்கு நிரலாகத் தொகுக்க வேண்டும்.

முழு டெஸ்க்டாப் சூழலான க்னோமில் இந்தப் பாடு இல்லை. மொழிகளை அமைப்புகளில் ஒருமுறை சேர்த்துவிட்டால், சூப்பர் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் அது திணறும் என்பதே குறை.

ஆகவே கடைக்கு நான் பரிந்துரைப்பது 1996இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ என்ற, க்னோமைவிட இலகுவான டெஸ்க்டாப் சூழல். அதனுள்ளேயே எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்ற சாளர மேலாளர் இருக்கிறது. சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் பொருந்திக்கொள்ளும் என்பதால், மொழிபெயர்ப்புக்குத் தேவையான இரட்டை அடுக்கு இதிலும் கிடைக்கிறது. ஐ3 இதைவிடக் குறைந்த நினைவகத்தில் ஓடும் என்பது உண்மைதான். எனினும் மிச்சமாகும் அந்த இடத்தை, உலாவியில் நாலைந்து தளங்களைத் திறந்தாலே அது எடுத்துக்கொள்ளும். பலர் கை படும் கணினியில், புதிதாக வேலைக்கு வந்த பெண் யாரையும் கேட்காமல் பிரிண்டரையும் மொழி மாற்றியையும் கண்டுபிடிக்க முடிவதே எனக்கு முக்கியம்.

சொந்த மடிக்கணினியில் நாள் முழுதும் எழுதுபவருக்கு என் தேர்வு ஐ3தான். விசைகள் கைக்குப் பழகும்வரை எக்ஸ்எஃப்சிஇயையும் உடன் வைத்திருந்து, உள்நுழையும்போது தேவையானதைத் தேர்ந்துகொள்ளலாம்.