பெற்றோல் கூடிப்போன டூ ஸ்ட்ரோக்: உதைப்பதா, தள்ளுவதா, பிளக்கைக் கழற்றுவதா?

யமஹா ஆர்எக்ஸ் 100, சுசுகி ஏஎக்ஸ் 100 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் வன்னியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் அவற்றை இலகுவில் விற்கமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகும் ஸ்டார்ட் வராது; பெற்றோல் மணம் மட்டும் குப்பென்று அடிக்கும். எஞ்சினுக்குள் பெற்றோல் கூடிப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அக்சிலேற்றரை முழுக்க முறுக்கிக்கொண்டு உதை என்பார் ஒருவர். தம்பி, இறங்கித் தள்ளு என்பார் இன்னொருவர். கொஞ்ச நேரம் விட்டுப்போட்டுப் பிறகு பார் என்று ஒரு குரல் வரும். பொறி தரும் பிளக்கைக் கழற்று என்று சொல்பவர் கடைசியாகத்தான் வாய் திறப்பார், ஏனென்றால் அதற்கு ஸ்பானர் வேண்டும்.

என் தீர்ப்பு அந்தக் கடைசி ஆளின் பக்கம். காரணம் டூ ஸ்ட்ரோக்கின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெற்றோலும் காற்றும் வால்வு வழியாக நேரே சிலிண்டருக்குள் போகும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் என்ற அறைக்குள் இறங்கும். பிஸ்டன் கீழே வரும்போது அழுத்தப்பட்டு, சிலிண்டரின் பக்கத் துளைகளால் மேலே ஏறும். ஆகவே கூடிப்போன பெற்றோல் பிளக்கை நனைப்பதோடு நிற்பதில்லை. கீழே கிராங்க் கேஸின் அடியில் தேங்கி நிற்கிறது. நீங்கள் பிளக்கைத் துடைத்துப் பூட்டினாலும், அடுத்த உதைக்கே அந்தத் தேக்கத்திலிருந்து ஈரக் கலவை ஏறிவந்து அதை மறுபடி நனைத்துவிடும். "பிளக்கைத் துடைச்சுத்தான் போட்டனான், பிறகும் ஸ்டார்ட் வரேல்லை" என்று ஆட்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். எந்த வழியானாலும் அது அந்தக் கீழ்த் தேக்கத்தை வெளியேற்றுகிறதா என்று பார்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் அக்சிலேற்றரைத் திறந்து உதைப்பது. கருவி ஒன்றும் தேவையில்லை, கை அழுக்காகாது, நின்ற இடத்திலேயே செய்யலாம். டாங்கிக்குக் கீழே உள்ள டேப்பை மூடுங்கள், சோக்கை அணைத்துவிடுங்கள், அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் உதையுங்கள். திறந்த வழியால் காற்று தாராளமாக உள்ளே போய், ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக சைலன்சர் பக்கம் தள்ளும். இந்த மோட்டார் சைக்கிள்களில், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் கார்பரேற்றரில் சோக் என்பது தனி வழியால் கூடுதல் பெற்றோல் இழுக்கும் ஏற்பாடு. அக்சிலேற்றர் மூடியிருக்கும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் அது நன்றாக வேலை செய்யும். திறந்துவிட்டால் அதன் பலம் குறைந்துவிடும். அதனால் சோக்கை அணைக்க மறந்துபோயிருந்தாலும் இந்த முறை ஓரளவு காப்பாற்றும். இலேசாகக் கூடியிருந்தால் இதுவே போதும். ஆனால் பிளக் முழுதாக நனைந்துவிட்டால் பொறி வராது. பொறி இல்லாத எஞ்சினை எவ்வளவு உதைத்தும் பலனில்லை. பத்துப் பன்னிரண்டு உதையில் ஒரு சின்ன இருமல் சத்தம்கூட வராவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிக்கர் வழக்கத்தைவிடக் கல்லுப்போல இறுகி நின்றால் மிதிக்க வேண்டாம். பிஸ்டனுக்கு மேலே திரவமாகவே பெற்றோல் நிற்கக்கூடும். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. பலத்தைப் போட்டு மிதித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையக்கூடும். அந்த நிலையில் பிளக்கைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியை யோசிக்கவே கூடாது.

தள்ளி ஸ்டார்ட் எடுப்பது உதைப்பதைவிட வலுவான முறை. உதைக்கும்போது எஞ்சின் சில சுற்றுச் சுற்றி நின்றுவிடும். தள்ளும்போது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே தேங்கியதும் வேகமாக ஏறி வெளியேறும். டேப்பை மூடி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி ஓடி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டும். முதலாம் கியரில் செய்தால் பின் சில்லு இறுகி இழுபடும். அக்சிலேற்றரைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதால், எஞ்சின் பிடித்த கணத்தில் வண்டி பாயும். உடனே அக்சிலேற்றரைக் குறைத்துக் கிளட்ச்சைப் பிடிக்கத் தெரியாதவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

ஆனால் வன்னியின் தரை இந்த முறைக்கு அவ்வளவு தோதானதல்ல. எங்கும் சமதரை, இறக்கம் என்று சொல்ல குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதைதான் உண்டு. கிரவல் வீதியிலும் மணலிலும் கிளட்ச்சை விட்டவுடன் பின் சில்லு சறுக்கும், எஞ்சின் சுற்றாது. மாரியில் சேறு. பின்னால் நெல் மூட்டை இருந்தால் தனியாளாகத் தள்ளவே முடியாது. ஏ9 போன்ற தார் வீதியில், கூட ஒருவர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் வியர்வைதான் மிச்சம். அது போக, எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் பிடிக்கும்போது வெடிபோல ஒரு சத்தம் கேட்டால் அதுதான் காரணம்.

காத்திருப்பதைப் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெற்றோல் ஆவியாகும், உண்மை. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு ஒயிலும் உள்ளே போகிறது. பெற்றோல் ஆவியான பிறகு அந்த ஒயில் பிளக்கின் முனையிலும் கிராங்க் கேஸின் அடியிலும் அப்படியே நிற்கும். மூடிய எஞ்சினுக்குள் காற்றோட்டமும் இல்லை. காத்திருந்து உதைக்கும்போது ஒரு தரம் பிடித்து அணைந்தால் பிளக்கில் ஒயில் படிந்திருக்கக்கூடும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் காட்டுவழியில் பொழுதுபடும் நேரம் நின்று காத்திருப்பதும் நல்லதல்ல. அது யானை நடமாடும் இடம்.

மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலத்தில் இந்த வழி இன்னும் பலவீனமாக இருந்தது. 1990 முதல் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எரிபொருள் வருவது தடைப்பட்டபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளி விடுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. உள்ளே கூடிவிட்டால் மணிக்கணக்கில் விட்டாலும் கூடியது கூடியதுதான். பிளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டிய அண்ணைமார் சீற்றுக்குக் கீழே பிளக் ஸ்பானர் இல்லாமல் வெளிக்கிடாதது அந்தப் பழக்கம்தான். இன்றைய பெடியளிடம் அந்த ஸ்பானர் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை.

சரி, பிளக்கைக் கழற்றும் முறை. டேப்பை மூடி, சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் ஊதியோ துடைத்தோ எடுங்கள். எங்கள் செம்மண் புழுதி துளைக்குள் விழுந்தால் பிஸ்டன் ரிங்கை அரித்துவிடும். பிளக் ஸ்பானர் பெரும்பாலும் 21 அளவு. கழற்றியதும் முனையைப் பாருங்கள்: ஈரமாக, கறுப்பாக, பெற்றோல் மணத்தோடு இருந்தால் நோய் சரியாகத்தான் பிடிபட்டிருக்கிறது. காய்ந்திருந்தால் பெற்றோல் கூடவில்லை, குறைந்திருக்கிறது. வேறு இடத்தில் தேட வேண்டும். தண்ணீர் முத்துமுத்தாக நின்றால், நீங்கள் கடந்துவந்த வெள்ளப் பாதைதான் காரணம்.

பிறகு அக்சிலேற்றரை முழுதாகத் திறந்துகொண்டு இருபது தரமாவது உதையுங்கள். பிளக் இல்லாததால் கிக்கர் இலேசாக இறங்கும். துளையிலிருந்து ஈரப்புகை சீறி வரும். கீழே தேங்கியதுதான் வெளியே வருகிறது. முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதீர்கள், பக்கத்தில் சிகரெட்டோடு யாரும் நிற்கவும் கூடாது. உதைக்கும்போது சாவி அணைந்தே இருக்கட்டும். பொறி வருகிறதா என்று பார்க்க விரும்பினால், சீறல் நின்று ஆவியும் கலைந்த பிறகு, பிளக்கைத் தொப்பியில் செருகி, துளைக்குத் தூரமாக எஞ்சின் உலோகத்தில் தொட வைத்துப் பாருங்கள். தொப்பியை வெறுமனே தொங்கவிட்டு சாவியைப் போட்டு உதைத்தால், மின்சாரம் போக வழியில்லாமல் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலும் சிடிஐ பெட்டியும் கெடலாம்.

பிளக்கைத் துணியால் துடைத்து, வயர் தூரிகையால் தேய்த்து, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். லைட்டரில் சுட்டுக் காயவைப்பவர்கள் உண்டு. அது வேலை செய்யும், ஆனால் வண்டியிலிருந்து நன்றாக விலகி நின்று செய்ய வேண்டும். பெற்றோல் பட்ட கையோடு செய்யவே வேண்டாம். பூட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் கராஜ் செலவு பெரிது. டேப்பை மூடியபடியே உதைத்துப் பாருங்கள். கார்பரேற்றரில் உள்ளதே முதல் ஓட்டத்துக்குப் போதும். பிடித்ததும் புகை அடர்த்தியாக வரும். அக்சிலேற்றரை மெல்ல ஏற்றி அது தெளியும்வரை விட்டு, பிறகு டேப்பைத் திறங்கள்.

இதில் குறை என்றால் கொஞ்சப் பெற்றோல் வீணாகும். 2022இல் கியூஆர் குறியீட்டோடு வாரம் 4 லீற்றர் கிடைத்த நாட்களில் அதுகூட மனதை உறுத்தியது. எஞ்சின் சுடும்போது கழற்றினால் கையும் சுடும், மரையும் சேதப்படலாம், கொஞ்சம் ஆறட்டும். இவற்றைத் தவிர எனக்கு வேறு குறை தெரியவில்லை.

வண்டியைச் சரித்தோ தலைகீழாகப் பிடித்தோ ஊற்றுவதும் உண்டு. பாரமில்லாத வண்டிக்குச் சரி. பற்றரி உள்ள மோட்டார் சைக்கிளில் அசிட் வழியலாம், டாங்கி மூடியால் பெற்றோலும் ஒழுகும். நான் சிபாரிசு செய்யமாட்டேன். வயலுக்கு மருந்தடிக்கும் டூ ஸ்ட்ரோக் மெசினும் மரம் அரியும் மெசினும் கூடிப்போனால் மட்டும் இந்த வழி நன்றாகப் பொருந்தும்: பிளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கக் கவிழ்த்து, கயிற்றைச் சில தரம் இழுத்தால் போதும்.

இவ்வளவும் செய்தும் அடுத்த நாள் காலை மறுபடி கூடினால், குற்றம் உங்கள் காலில் இல்லை. டேப்பைத் திறந்துவிட்டு கார்பரேற்றரின் கீழ்க் குழாயைப் பாருங்கள். அதால் பெற்றோல் சொட்டினால் கார்பரேற்றருக்குள் பெற்றோல் வரவைத் திறந்து மூடும் மிதவையின் ஊசியில் தூசி இருக்கிறது, அல்லது அது தேய்ந்துவிட்டது. கழுவிப் பார்த்தும் நிற்காவிட்டால் ஊசியையும் அது அமரும் இருக்கையையும் சேர்த்து மாற்றுங்கள். சொட்டாவிட்டால் எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், பிறகு சோக் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். ஊசி மாற்றும்வரை, நிறுத்தும் ஒவ்வொரு தரமும் டேப்பை மூடிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும்.