விஸ்காமா, கவின்கலையா, கல்யாண மண்டபமா? சென்னையில் போட்டோகிராஃபி கற்கும் வழிகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை "போட்டோகிராஃபிதான் படிப்பேன்" என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி: "அதுக்கெல்லாம் டிகிரி இருக்கா?" இருக்கிறது. ஹைதராபாத்தின் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் போட்டோகிராஃபியிலேயே பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) உண்டு. சென்னையிலோ பெரும்பாலும் வேறு பட்டத்துக்குள் ஒரு பாடமாகத்தான் அது வரும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே புகைப்படக் கலையையும் சொல்லிக்கொடுத்த பள்ளி இருக்கும் ஊர் இது என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. நான்கு வருட பி.எஃப்.ஏ.; அரசுக் கல்லூரி என்பதால் செலவு குறைவு. ஆனால் கை வரைய வேண்டும். கேமரா மட்டும் தெரியும், பென்சில் பிடிக்க வராது என்பவருக்கு இது சரிப்படாது. கண்காட்சி, கலை என்று போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் ஊரில் இல்லை என்பேன்.

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவுப் படிப்பு தனி ரகம். பி.சி.ஸ்ரீராம், ராஜீவ் மேனன் இருவரும் அங்கே படித்தவர்கள். சினிமாதான் குறி என்றால் யோசிக்காமல் விண்ணப்பிக்கலாம். ஸ்டில்ஸ் மட்டும் போதும் என்பவர் அந்த சீட்டை இன்னொருவருக்கு விட்டுவிடலாம்.

ஆக, பெரும்பாலானோருக்கு உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), அல்லது கல்யாண போட்டோகிராஃபர் ஒருவரிடம் அசிஸ்டென்ட்.

மண்டபத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கம் வீடியோக்காரரின் மஞ்சள் லைட், பின்னால் எல்.இ.டி. ஸ்கிரீனின் நீலம், நடுவில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி. எந்த வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸ் வைப்பது? ஷட்டர் வேகத்தை ஏற்றினால் ஸ்கிரீனில் கோடு கோடாக விழும். 1/100 விநாடிக்கு இறக்கினால் அட்சதை போடும் கை கலங்கிவிடும். அதற்குள் கெட்டிமேளம். சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் செல்போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடுவார்கள். தாலி முடிச்சுக்கு ரீடேக் கிடையாது. அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்த சிலபஸும் சொல்லித் தராது. நாலு முகூர்த்தம் லைட் பிடித்தால் காலுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் அங்கே காரணம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. "தம்பி, லைட்டை ரெண்டடி பின்னால தள்ளு" என்பார் அண்ணன். தம்பியும் தள்ளுவான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும் என்பதைக் கேள்விப்படாமலே வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கல்லூரியில் இது ஒரு வகுப்பு. இன்னொன்று, ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை; வருமானமும் இல்லை.

லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ் போன்ற கல்லூரிகளின் விஸ்காமில் விளம்பரம், வடிவமைப்பு, வீடியோ, எழுத்து எல்லாம் சேர்ந்து வரும். போட்டோகிராஃபிக்கு ஒதுங்கும் பங்கு சிறியது. அதை மறைத்துப் பயனில்லை. பட்டத்தின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டார் யாரும் மார்க் ஷீட் கேட்கப் போவதில்லை. ஆனால் காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) போட்டோகிராஃபி டிசைன் முதுகலைக்கோ, ஆசிய இதழியல் கல்லூரிக்கோ, பட்டம் கேட்கும் ஒரு அரசுத் தேர்வுக்கோ போக நினைத்தால் இளங்கலை இல்லாமல் வாசலே தாண்ட முடியாது.

என்னைக் கேட்டால் விஸ்காமில் சேர்ந்து, தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்குப் போகச் சொல்வேன். வருகைப்பதிவு கொஞ்சம் இடிக்கும், பரவாயில்லை. சேரும் முன் கல்லூரி ஸ்டுடியோவை நேரில் பாருங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு கேமரா, விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்களா என்று இரண்டாம் வருட மாணவரிடம் கேளுங்கள். பிரின்சிபால் அறையில் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

இன்ஜினீயரிங் முடித்து ஐ.டி.யில் இருந்துகொண்டு இதை யோசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கையில் ஒரு பட்டம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று எதற்கு? ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி மாதிரி முழுநேரப் பயிற்சிக்குப் போகலாம். வேலையை விட மனமில்லை என்றால் சனி, ஞாயிறில் லைட் ஸ்டாண்டைத் தூக்கலாம்.