500 கிலோ தாங்கும் என்று விற்ற கியர்பாக்ஸ் ஜாக்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டு ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ஹெவி டியூட்டி டிரான்ஸ்மிஷன் ஜாக், தூக்குதிறன் 500 கிலோ' என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து, கழற்றும் கியர்பாக்ஸைத் தாங்கி இறக்குகிற ஜாக் ஒன்று வாங்கினேன். கியர்பாக்ஸ் முழுதாக அதன் மேல் உட்கார்ந்த சில நிமிடங்களில் அது தானாகக் கீழே இறங்கிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அடியில் நாங்கள் மரக்கட்டைகளை அடுக்கி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

வண்டி நான்கு சக்கர டிரைவ் பிக்கப். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற கியர்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். சின்னக் காரின் மேனுவல் கியர்பாக்ஸ் 30, 40 கிலோ இருக்கும், இரண்டு பேர் சமாளித்துவிடலாம். பிக்கப்பில், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும். பெரிய லாரி என்றால் 250, 300 கிலோ. அதனால் ஆள்பலத்தை நம்பி இறங்குகிற வேலை இல்லை இது. சாதாரண டிராலி ஜாக்கும் உதவாது. அதன் தலையில் இருப்பது ஒரு சின்ன வட்டக் கிண்ணம். கியர்பாக்ஸின் பாரமோ இன்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங் பக்கமாக அதிகம், டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தால் ஒரு பக்கமாகவும் சாயும். கிண்ணத்தின் மேல் வைத்தால் உருண்டுவிடும். அகலமான சேடில் (பாரம் உட்காரும் தலைப்பகுதி), முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கிற திருகு, கட்டுவதற்குச் சங்கிலி, இந்த மூன்றும் உள்ள ஜாக்தான் வேண்டும். விளம்பரப் படத்தில் மூன்றுமே இருந்தன.

வந்து சேர்ந்த பெட்டியில் சங்கிலி இல்லை. கேட்டதற்கு, "சார், அது தனி ஆக்சஸரி. கயிறு போட்டுக் கட்டினாலே போதும்" என்றார்கள். கயிறு போதவே போதாது. இழுபடும், எண்ணெய் பட்டால் வழுக்கும். நான் ராட்செட் பெல்ட் இரண்டு தனியாக வாங்கிக்கொண்டேன். மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தபோது ஜாக் ஒழுங்காகத்தான் நின்றது.

அன்றைக்கு நாங்கள் செய்த முன்னேற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களைக் காப்பாற்றியது அதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். இதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கியரில் போட்டிருக்கிறது, ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் (பார்க்கிங்) இருக்கிறது, வண்டி நகராது என்று நினைப்பார்கள். பின்சக்கர டிரைவ் வண்டியில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நிமிடமே அந்தப் பிடி போய்விடும். சில பழைய வண்டிகளிலும் கனரக வண்டிகளிலும் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸின் பின்முனையில்தான் இருக்கும். ஷாஃப்ட் போனால் ஹேண்ட் பிரேக்கும் போச்சு.

வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். நான்கு ஸ்டாண்டும் சேஸிஸுக்கு அடியில், கான்கிரீட் தரையில் நின்றன. நுழைவதற்கு முன் வண்டியைத் தோளால் நன்றாக உந்தி ஆட்டிப் பார்த்தோம். கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தோம். ஷாஃப்டின் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டில்) கோடு போட்டுக் குறித்துக்கொண்டு கழற்றினோம், திரும்ப அதே இடத்தில் சேர வேண்டும். கியர்பாக்ஸைக் கீழிருந்து தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றினால் இன்ஜினின் பின்பக்கத்துக்கு ஆதரவே கிடையாது, பின்னால் சரிந்து ஃபேன் ரேடியேட்டர் கவசத்தில் உரசும், ஹோஸ் இழுபடும். அதனால் இன்ஜினின் கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து இன்னொரு ஜாக்கால் தாங்கினோம். பெல் ஹவுசிங் போல்ட்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தலையில்லாத நீள ஸ்டட்டுகளைத் திருகினோம். கியர்பாக்ஸ் அந்த ஸ்டட்டுகளின் மேலேயே நேராகப் பின்னால் வழுக்கி வரும், பாரம், கிளட்ச்சுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்டில் தொங்காது. தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். கடைசியாக, கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, ஜாக்கின் இரண்டு பக்கமும் தடிமனான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். விழுந்தாலும் ஒரு சாணுக்கு மேல் விழ முடியாது.

கடைசி போல்ட்டும் வந்தது. கியர்பாக்ஸ் ஸ்டட்டின் மேல் பின்னால் நகர்ந்தது, இன்புட் ஷாஃப்டின் மூக்கு கிளட்ச்சை விட்டு வெளியே வந்தது. முழுப் பாரமும் ஜாக்குக்கு வருவது அப்போதுதான். என் மச்சான் கைப்பிடி பக்கம் இருந்தார், நான் பக்கவாட்டில். சேடில் மெல்ல இறங்கியது. ஜாக்கை இறக்கத் திறக்கும் ரிலீஸ் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பாரத்தை மேலே தூக்கும் தண்டான ராமைச் சுற்றி எண்ணெய் பளபளத்தது, அப்புறம் சொட்டியது. "மச்சான், கையை எடுங்க, வெளியே வாங்க!" என்று கத்தினேன். அவர் உருண்டு வெளியே வந்த அதே வேகத்தில் சேடில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கியர்பாக்ஸ் கட்டைகளின் மேல் தடாலென்று உட்கார்ந்தது. பெல்ட் இருந்ததால் பக்கவாட்டில் உருளவில்லை. கட்டை இல்லாமல் இருந்திருந்தால் அவருடைய முழங்கை அதற்கு அடியில் போயிருக்கும். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

கியர்பாக்ஸைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தபின் ஜாக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். சேடிலின் ஒரு கை அடித்தண்டோடு சேரும் இடத்தில் பெயின்ட்டில் மயிரிழை விரிசல். சுரண்டினால் உள்ளே சுற்றிலும் ஓடியிருக்க வேண்டிய வெல்டிங் இல்லை, இரண்டு இடத்தில் வெறும் பொட்டு வைத்து, மேலே தடிமனாகப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். அடுத்து, '500 கிலோ' ஸ்டிக்கரின் ஓரம் எண்ணெயில் ஊறித் தூக்கி நின்றது. உரித்தால் அதற்கடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 150 கிலோ என்று இருந்தது. ஓர் ஆளின் உயிரை வைத்து இப்படி ஒரு பொய்யை ஒட்ட எப்படித்தான் மனசு வருகிறதோ!

விற்பனையாளரிடம் படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "சார், காத்து ஏறியிருக்கும். ரிலீஸ் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டு நாலு தடவை பம்ப் அடிங்க, சரியாயிடும்." காற்று ஏறினால் பம்ப் சவசவவென்று இருக்கும், சரியாக ஏறாது. எண்ணெய் வெளியே வந்து வழிகிறது என்றால் எண்ணெயைத் தடுக்கிற சீல் போய்விட்டது. அடுத்த பதில்: "நீங்க ஓவர்லோடு பண்ணியிருக்கீங்க." ஒழுங்கான ஹைட்ராலிக் ஜாக்கில் ஓவர்லோடு வால்வு இருக்கும், அளவுக்கு மேல் சுமை வந்தால் தூக்கவே தூக்காது. 500 கிலோ என்று விற்ற ஜாக் அதில் கால்வாசி சுமையில் எப்படி ஓவர்லோடு ஆகும் என்று கேட்டேன். ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை பதில் வரவில்லை. கடைசியில், எண்ணெய் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். நான் எழுதிய விமர்சனமும் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போனது.

பெயர் தெரிந்த கம்பெனிப் பொருளிலும் கோளாறு வரும், அதை மறுக்கவில்லை. அமெரிக்காவில் 2020-ல் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பற்களைக் கொக்கி போதிய ஆழத்தில் கவ்வாமல் ஸ்டாண்ட் இறங்கிவிடும் ஆபத்து இருந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகள் சிலவற்றிலும் வெல்டிங் கோளாறு என்று அதே ஆண்டில் மறுபடியும் அறிவித்தார்கள். ஆனால் அங்கே யார் தயாரித்தது, எந்த மாடல் என்று தெரியும், அறிவிப்பு வரும், பணம் திரும்பக் கிடைக்கும். எனக்கு வந்த ஜாக்கில் தயாரித்தவர் பெயரே கிடையாது.

இனி வாங்குகிறவர்கள், தூக்குதிறன் உலோகத் தகட்டில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் மட்டும் என்றால் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. பேஸ், அல்லது ஐரோப்பாவின் இ.என். 1494, இந்தத் தரக்குறிப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். வெல்டிங் தையல் முழுச் சுற்றும் ஓடியிருக்க வேண்டும். சோதிக்கும்போது கியர்பாக்ஸின் எடையைவிடக் கூடுதலாக, ஆனால் தகட்டில் உள்ள அளவுக்குள் பாரம் ஏற்றி, ராமில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். எங்கள் மணல் மூட்டைகளின் எடையில் ஒழுகாத சீல், கியர்பாக்ஸின் எடையில் ஒழுகியது. ஆட்டோமேட்டிக் கழற்றுகிறவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அதில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட்டுகளை முதலில் கழற்றி, அது கியர்பாக்ஸோடே வரும்படி ஒரு பட்டை போட்டுப் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜாக் சாயும்போது அது வழுக்கி உங்கள் மேல் விழும்.

வேலையை ஒரு வாடகைக் கடையிலிருந்து தகடு பொறித்த ஜாக் எடுத்து முடித்தோம். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. அந்த விற்பனையாளர் வேறு பெயரில் அதே படத்தைப் போட்டு இப்போதும் விற்கிறார். சிவப்பு பெயின்ட், நான்கு மூலைக் கைகள், படத்தில் இரண்டு பக்கமும் சங்கிலி, பெட்டியில் சங்கிலி இருக்காது. அதை ஏற்கெனவே வாங்கி ஷெட்டில் வைத்திருப்பவர்கள் பாரம் ஏற்றாமல் முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், கீழே வேறு எண் இருந்தால் படம் எடுத்து நீங்களும் புகார் கொடுங்கள்.